உயரம் யார் போட்ட சோறு?

சொல்லை நோண்டிப் பார்ப்பது நமக்குப் புதிய வேலையல்ல. 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழில் அயோத்திதாசப் பண்டிதர் செய்ததும் இதைத்தான். இங்குள்ள மேல்சாதியை வெள்ளைக்காரன் ‘ஹை கேஸ்ட்’ என்று காகிதத்தில் எழுதிவைத்தானே, அந்த ‘ஹை’யை நாம் நோண்டலாம்.

‘ஹை’ ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். ஜெர்மன்காரன் ‘ஹோக்’ என்கிறான். குன்றையும் மரத்தையும் மதிலையும் அளந்த சொல், பழைய ஆங்கிலத்திலேயே அரசனையும் அளக்க வந்துவிட்டது. குன்றின் உயரம் கண்ணுக்குத் தெரியும். மனுஷனோட உயரத்த எந்தக் கோலால அளந்தான்?

சட்டத்தால் அளந்தான். இங்கிலாந்தின் 1351ஆம் ஆண்டுச் சட்டம் துரோகத்தை இரண்டாகப் பிரித்தது. அரசனுக்கு எதிரானது ‘ஹை ட்ரீசன்’. வேலைக்காரன் எஜமானைக் கொன்றாலும், மனைவி கணவனைக் கொன்றாலும் ‘பெட்டி ட்ரீசன்’, அதாவது சின்னத் துரோகம். அதற்கு ஆணைத் தூக்கிலிட்டார்கள், பெண்ணைக் கொளுத்தினார்கள். எஜமான் வேலைக்காரனைக் கொன்றால்? கணவன் மனைவியைக் கொன்றால்? துரோகம் கிடையாது, வெறும் கொலை. கொளுத்துவது 1790இல் நின்றது. சின்னத் துரோகம் என்ற தனிக் குற்றம் 1828இல்தான் ஒழிந்தது. மனுவுக்கு எல்லா ஊரிலும் பங்காளிகள் உண்டு.

இனி லத்தீனுக்குப் போவோம். அங்கே உயரம் ‘அல்ட்டுஸ்’. ஆல்டிடியூட், எக்ஸால்ட்டட் எல்லாம் அதன் பிள்ளைகள். திமிர் பிடித்தவனைச் சொல்லும் ‘ஹாட்டி’யும் பிரெஞ்சு வழியாக வந்த அதன் வாரிசுதான். ‘அலெரெ’ என்றால் ஊட்டுதல், தீனி போட்டு வளர்த்தல். அந்த வினையின் எச்சமே அல்ட்டுஸ். ஊட்டி வளர்க்கப்பட்டது என்பதுதான் அதன் மூலப்பொருள். வளர்ந்ததால் அது உயர்ந்தது. இன்னொன்று, இதே சொல்லுக்கு ஆழம் என்றும் பொருள். மலையையும் கடலையும் ஒரே சொல்லால் அளந்தான் ரோமாபுரிக்காரன். உயரமா பள்ளமா என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது.

இப்போது நம் தமிழுக்கு வருவோம். ‘தாழ்ந்தவர்’ இல்லை, ‘தாழ்த்தப்பட்டவர்’ என்று திருத்திச் சொல்கிறோம். அந்த ‘ப்பட்ட’ சேர்ந்ததுமே தாழ்த்தியவன் யார் என்ற கேள்வி எழுந்துவிட்டது. ஆனால் எதிரே ‘உயர்ந்த சாதி’ மட்டும் பனைமரம் மாதிரி தானாக முளைத்ததுபோல் நிற்கிறது. அதற்கும் ஒரு ‘ப்பட்ட’ போடுவோம். ‘உயர்த்தப்பட்ட சாதி’ என்று எழுதுவோம், மேடையில் பேசுவோம். நாத்து நட்டது யாரு, களத்துல நெல்லு தூத்துனது யாரு, பொணம் தூக்குனது யாரு, ஊட்டுன கை எதுன்னு அப்பத்தான் கேள்வி வரும்.