ராம்பூர் டாக்டரின் விரல்

நாவல்களில் வரும் கிழவர்கள் ஈஸிசேரில் சாய்ந்து பழங்கதை பேசுவார்கள். மருமகளோடு சண்டை பிடிப்பார்கள். பேரனுக்குப் பாடம் சொல்லித் தருவார்கள். அதே கிழவர் இரவில் நாலைந்து தடவை எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், வெகுநேரம் நின்று, சொட்டுச் சொட்டாகப் போய்விட்டுப் பெருமூச்சுடன் திரும்புவதை நாங்கள் எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை. நாலு பேர் படிக்கும் கதையில் எழுதக்கூடிய சங்கதியா என்று ஒரு கூச்சம். ஆனால் இந்தச் சங்கதியால் ஒரு பிரிட்டிஷ் பிரதம மந்திரியே பதவியை விட்டிருக்கிறார்.

சிறுநீர்ப்பையின் கழுத்தடியில், ஆண்களுக்கு மட்டும், பிராஸ்டேட் என்றொரு சுரப்பி இருக்கிறது. வாலிபத்தில் கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிது. ஐம்பதுக்கு மேல் பலருக்கு அது வளரத் தொடங்குகிறது; சிலருக்குக் கிச்சிலிப்பழம் அளவுகூட ஆகிவிடும். நடுவே ஓடும் சிறுநீர்க் குழாயை அது நெரிக்கிறது. புற்றுநோய் அல்ல, வெறும் வீக்கம்தான். ஆனால் முழு அடைப்பு ஏற்பட்டால், 19ஆம் நூற்றாண்டுக் கிழவர் தினமும் ரப்பர்க் குழாயை உள்ளே செலுத்திக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். குழாயோடு கிருமியும் போகும். மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும். 1893ல் பிலடெல்பியாவில் ஒயிட் என்ற சர்ஜன், விதைகளை எடுத்துவிட்டால் வீக்கம் வற்றும் என்றார். அதற்கும் கிழவர்கள் சம்மதித்தார்கள். அவர்கள் பட்ட அவஸ்தையை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் பீட்டர் ஃப்ரேயர் வருகிறார். அயர்லாந்துக்காரர். 1875ல் இந்தியன் மெடிகல் சர்வீஸில் சேர்ந்து, இருபது வருஷம் வட இந்தியாவில் உத்தியோகம் பார்த்தவர். சிறுநீர்ப்பைக் கல்லை உள்ளேயே நொறுக்கி எடுப்பதில் அபாரக் கைத்திறமை. ராம்பூர் நவாபுக்குக் கல் எடுத்து ஒரு லட்சம் ரூபாய் சன்மானம் வாங்கினார். சர்க்கார் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, மனிதர் அசையவில்லை.

ஓய்வு பெற்று லண்டனுக்குப் போய், செயிண்ட் பீட்டர்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1900 டிசம்பர் 1ஆம் தேதி, 69 வயதுக் கிழவர் ஒருவருடைய அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பைக்குள் ஒரு கை விரலை விட்டார். மற்றொரு கை விரலை ஆசனவாய் வழியாகச் செலுத்திக் கீழிருந்து தூக்கிக் கொடுத்தார். தோலிலிருந்து பழத்தைப் பிரிப்பதுபோல, வளர்ந்த பகுதி முழுசாகக் கழன்று வந்தது. கிழவர் பிழைத்தார். 1912க்குள் ஃப்ரேயர் ஆயிரம் பேருக்கு இப்படிச் செய்துவிட்டார். இறந்தவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். அந்தக் காலத்துக்கு அது அதிசயம்.

அதிசயத்தோடு வழக்கும் வந்தது. லீட்ஸ் நகரத்து மக்கில் 1887லேயே அடிவயிற்று வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தார். நியூயார்க் ஃபுல்லர் 1890களில் முழுசாகவே எடுத்திருந்தார். அந்த முறையை நியூயார்க்கிலிருந்து வந்த கிதேரஸ் என்ற டாக்டர் ஃப்ரேயரிடம் நேரில் சொல்லியிருந்தார். ஃப்ரேயரோ தம்முடையது புதியது என்று சாதித்தார். சுரப்பி முழுவதையும் எடுத்ததாகவும் சொன்னார். அதுவும் சரியல்ல, வெளித்தோல் உள்ளேதான் இருக்கிறது. லட்ச ரூபாயைத் திருப்பிக் கொடுக்காதவர் இந்தப் பெருமையை மட்டும் பங்கு போட்டுவிடுவாரா!

அவர் முறையில் ஒரு பெரிய குறை. எல்லாம் இருட்டில் விரல் செய்யும் வேலை. ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அறுத்த பையின் வழியே சிறுநீர் கசிந்து, வயிற்றுப் புண் ஆற வாரக் கணக்காகும். பால்டிமோரில் ஹ்யூ யங் கால்களுக்கு இடையே கீழ்வழியாகப் போனார். அங்கே கண்ணால் பார்க்கலாம். ஆனால் ஆண்மைக்கும் சிறுநீரை அடக்கும் சக்திக்கும் ஆபத்து. 1945ல் டெரன்ஸ் மில்லின், இவரும் அயர்லாந்துக்காரர்தான், சிறுநீர்ப்பையைத் தொடாமலே அதன் முன்புறமாகப் போய், சுரப்பியின் தோலை நேரே திறந்தார். ரத்தக் குழாய் கண்ணுக்குத் தெரிந்தது; கட்ட முடிந்தது. என்னைக் கேட்டால் மாலை அவருக்குத்தான். சண்டையில்லாமல் காரியத்தை முடித்தவர்.

நான்காவது வழி கத்தியே இல்லாதது. சிறுநீர்த் துவாரம் வழியாகவே விளக்கும் லென்ஸும் பொருத்திய குழாயைச் செலுத்தி, மின்சாரக் கம்பி வளையத்தால் உள்ளிருந்து சீவிச் சீவி எடுப்பது. 1926ல் ஸ்டெர்ன் கருவி செய்தார். சில வருஷங்களில் மக்கார்த்தி அதைச் செம்மைப்படுத்தினார். வயிற்றில் தழும்பில்லை, சில நாட்களில் வீட்டுக்குப் போகலாம். இன்று இதில் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. ஆனால் சீவும்போது உள்ளே பாய்ச்சும் தண்ணீர் ரத்தத்தில் கலந்து சிலருக்கு ஆபத்தாயிற்று. சுரப்பி பெரிதாக இருந்தால் சீவி மாளாது. பெரிய சுரப்பிக்கு வயிற்றைத்தான் திறக்க வேண்டும் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள்.

பிரான்ஸில் கிளெமான்ஸோ 1912ல், எழுபது வயதில், இந்த ஆபரேஷனுக்குப் படுத்தார். மத குருமார்களை வாழ்நாள் முழுவதும் சாடிய மனிதர். பணிவிடை செய்தவர்கள் கன்னியாஸ்திரீகள்! ஐந்து வருஷம் கழித்துப் பிரதமராகி உலக யுத்தத்தை முடித்து வைத்தார். 1963 அக்டோபரில் பிரிட்டனின் மாக்மில்லனுக்கு ராத்திரியில் அடைப்பு ஏற்பட்டது. 10ஆம் தேதி ஆபரேஷன், 18ஆம் தேதி ராஜினாமா. வீக்கம் சாதாரணமானதுதான். 1986 வரை, 92 வயது வரை, இருந்தார்; அவசரப்பட்டுவிட்டோமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஆறு மாதம் கழித்து 1964 ஏப்ரலில் 73 வயது டிகாலுக்கு அதே ஆபரேஷன். அவர் பதவியிலேயே இருந்தார். அடுத்த வருஷம் தேர்தலிலும் ஜெயித்தார். ஒரே வீக்கம், ஒருவர் அதை முடிவென்று நினைத்தார், மற்றவர் நினைக்கவில்லை.

1990களில் நியூஜிலாந்தின் டௌராங்கா நகரத்தில் பீட்டர் கில்லிங்கும் கூட்டாளிகளும் லேசர் ஒளியைச் சிறுநீர்த் துவாரம் வழியே செலுத்தினார்கள். சீவுவதற்கல்ல. வெளித்தோலுக்கும் வீக்கத்துக்கும் இடையே ஒளியை ஓட்டி, வீக்கத்தை முழுசாகக் கழற்றி, சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே துண்டாக்கி உறிஞ்சி எடுப்பதற்கு. எவ்வளவு பெரிய சுரப்பியானாலும் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. தோலிலிருந்து பழத்தைப் பிரிக்கிற அதே வேலை. ராம்பூர் டாக்டரின் விரல் போன இடுக்கிலேயே இப்போது ஒளி போகிறது.