எஸ்பிளனேட் பூங்காவில் ஒரு நினைவிடம்

திருக்கோவிலை வலம் வந்து திரும்பும் அன்பர்கள், வாயிற்சுவரில் பதிக்கப்பெற்ற கல்லின்முன் சற்றே நிற்பதுண்டு. குடமுழுக்கு நடந்த நாளும் உபயதாரர் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். தந்தையின் பெயரைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டுவோரும் உண்டு. கோவிலில் நித்திய பூசையும் நிர்வாகமும் தொடர்வதால் அக்கல்லுக்கும் காவல் இருக்கிறது. பொது இடத்தில் நாட்டப்பெற்ற கல்லின் கதி வேறு. ஆட்சி மாறினால் அதன் ஆயுள் முடிந்துவிடவும் கூடும். அதற்கு நம் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கு வந்து இந்திய சுதந்திர இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துப் பெண்கள் பலர் இருந்தனர்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை நேதாஜியின் உடனிருந்த அபித் ஹசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். செட்டியார் கோவிலார் நேதாஜியை அழைத்தபோது, எல்லாச் சாதி சமயத்தாரையும் உடன் அனுமதித்தாலன்றித் தாம் வருவதற்கில்லை என்றாராம். கோவிலார் இசைந்தனர். பல சமயத்து அதிகாரிகளும் அவருடன் ஒன்றாக உள்ளே சென்றனர்.

1945 ஜூலை 8ஆம் நாள், எஸ்பிளனேட் கடலோரத்தில், படையின் பெயரறியா வீரர்களுக்கென நினைவுச் சின்னம் ஒன்றுக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். இத்திஃபாக், இத்மாத், குர்பானி என்னும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பெற்றன. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பன அவற்றின் பொருள். கோவில் நிகழ்ச்சியை அறிந்தோர்க்கு முதற்சொல்லின் ஆழம் விளங்கும்.

அடுத்த மாதமே ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் 5ஆம் நாள் பிரிட்டிஷ் படை திரும்பியது. அதற்குப்பின் சில நாட்களுக்குள்ளேயே மவுண்ட்பேட்டன் பிரபுவின் ஆணையால் அச்சின்னம் தகர்க்கப்பட்டது. கல்லும் சுண்ணமுமான அது, இரண்டு மாத அளவே நிலைத்தது.

அதே பூங்காவில், முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1922இல் திறக்கப்பெற்ற போர் நினைவுச் சின்னம் நிமிர்ந்து நிற்கிறது. 2010இல் அது தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. 2013இல் எவரோ அதன்மீது வண்ணம் தெளித்தபோது அது உடனே துப்புரவு செய்யப்பட்டது. காவலுள்ள கல்லின் பேறு அத்தகையது.

தகர்ந்த சின்னத்துக்கோ ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. போர் முடிந்த பொன்விழா ஆண்டான 1995இல் தேசிய மரபுடைமைக் கழகம் போர்க்கால இடங்கள் பதினொன்றை அடையாளப்படுத்தியது. அவற்றுள் இதுவும் ஒன்று. இந்தியச் சமூகத்தின் நன்கொடையும் அதற்குத் துணை நின்றது. இன்று அங்கிருப்பது பழைய சின்னமன்று, அது இருந்த இடத்தைச் சுட்டும் நினைவுப் பலகையே. பழையதைப் போலவே ஒன்றைப் புதிதாகக் கட்டியிருக்கலாமே என வினவுவோர் உளர். கட்டாததே பொருத்தம் என்பது எம் கருத்து. இடிக்கப்பட்டதும் வரலாறுதானே? புதிய தூண் அதை மறைத்திருக்கும்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. கிராஞ்சிப் போர் நினைவிடத்துச் சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. பிரிட்டிஷ் இந்தியப் படையில் மாண்ட நம்மவர் பலரும் அங்கே இடம்பெற்றுள்ளனர். தோட்டத்தை விட்டு நேதாஜியின் படைக்குச் சென்று பர்மாக் காடுகளில் மடிந்த தமிழர்க்கோ எஸ்பிளனேடில் பெயர்ப்பட்டியல் இல்லை. அவர்களுள் சிலரின் பெயர்கள் இன்றும் நம் இல்லங்களில், பூசையறைப் படத்தின் பின்புறத்திலோ பாட்டியின் பேச்சிலோ மட்டும் இருக்கக்கூடும்.

செங்காங்கிலிருந்து வடகிழக்கு ரயிலில் தோபி காட் சென்று, ரயில் மாறினால் அடுத்த நிலையம் நகர மண்டபம். பாடாங் திடலைக் கடந்ததும் பூங்கா வந்துவிடும்.