தருமபுரி மாவட்டம்: நிருவாகப் பிரிப்பும் உள்ளாட்சி அதிகாரமும்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. இதன் நிருவாக வரலாறு அதற்கும் ஒன்றே முக்கால் நூற்றாண்டு முந்தியது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான், தருமபுரி உள்ளிட்ட பாரமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் கீழ் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ, தருமபுரியில் தங்கி நிலவரி பார்த்தார். உழவரிடமே நேரடியாக வரி வசூலிக்கும், பின்னாளில் மன்றோவின் பெயரோடு நிலைத்த ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. ஒசூர்ப் பகுதி கம்பெனிக்கு வந்தது 1799இல், திப்பு வீழ்ந்த பிறகு.

ஒசூர் முதல் அரூர் வரை பரந்து கிடந்த மாவட்டம் 2004 பிப்ரவரியில் மறுபடி பிரிந்தது. ஒசூர், கிருஷ்ணகிரி உள்ளிட்ட வடபகுதி கிருஷ்ணகிரி மாவட்டமானது. ஒசூரின் தொழிற்பேட்டைகளும் அதனோடு போயின. பாலக்கோடு, பென்னாகரம் போன்ற மானாவாரி வட்டங்கள் தருமபுரியில் தங்கின. இந்தப் பிரிப்பால் கிருஷ்ணகிரிப் பகுதிக்கு ஆட்சியர் அலுவலகம் அருகில் வந்தது உண்மை. ஆனால் குடிநீர் போன்ற தேவைகள் எல்லைக்கோட்டில் நிற்பதில்லை: புளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இரு மாவட்டங்களுக்கும் பொதுவாகவே அமைந்தது.

அதிகாரப் பரவல் இதிலிருந்து வேறான கதை. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி வந்த ஊராட்சி ஒன்றியங்கள் தொடக்கப் பள்ளிகளைக்கூட நடத்தின. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாயினர். ஒன்றியத்தின் கை சுருங்கியது. 1970க்குப் பின் 1986 வரை ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை.

ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி தந்த 73ஆவது திருத்தத்தையொட்டி 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996இல் தேர்தல் நடந்து மாவட்ட ஊராட்சியும் அமைந்தது. அரசமைப்பின் பதினோராம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளை அடுக்குகிறது. நடைமுறையில் வீட்டுவரி வசூலிப்பது கிராம ஊராட்சி மட்டுமே. மாவட்ட ஊராட்சிக்கு வரி விதிக்கும் உரிமை கிடையாது. ஊராட்சிகளின் ஆய்வாளராகவும் மாவட்ட ஆட்சியரே இருக்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை நீக்கும் நடவடிக்கையை அவர் தொடங்க முடியும். மாவட்ட எல்லைக்கோடு எத்தனை முறை மாறினாலும் பிடி ஆட்சியரகத்தில்தான் இருந்துவருகிறது.

2016இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், நீதிமன்ற வழக்குகளால் தள்ளிப்போய் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில் நடந்தது. அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. உடனே தேர்தல் நடத்தப்படவில்லை, ஊராட்சிப் பொறுப்பு தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.