கரப்பந்தாட்டத் திடலிலிருந்து பாராளுமன்றத்துக்கு: பெருவின் சிசிலியா டெயிட்

கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. கல்முனையைச் சேர்ந்த எச்.எம்.எம். ஹரீஸ் 2015 இல் பிரதி விளையாட்டுத்துறை அமைச்சரானார். அவர் அரசியலிலிருந்து விளையாட்டுத்துறைக்கு வந்தவர். கரப்பந்தாட்டத்திலிருந்து அரசியலுக்குச் சென்றவர்களில் தென் அமெரிக்க நாடான பெருவின் சிசிலியா டெயிட் குறிப்பிடத்தக்கவர்.

1962 இல் லிமாவில் பிறந்த டெயிட், இடக்கை ஆட்டக்காரர். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பெரு முதல் இரண்டு செட்களையும் வென்றது. ஆயினும் சோவியத் அணியிடம் 2-3 எனத் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. அப்போது நாட்டில் அரச படைகளுக்கும் 'ஒளிரும் பாதை' இயக்கத்துக்கும் இடையே யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

2000 தேர்தலில், ஜனாதிபதி புஜிமோரியை எதிர்த்த கட்சியொன்றின் சார்பில் டெயிட் பாராளுமன்றம் சென்றார். 2001 இலும் தெரிவானார். யுத்தத்தில் கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோரும் சுமார் 69,280 பேர் என உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2003 இல் மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவா முதலிய பூர்வீக மொழிகளைப் பேசியவர்கள். பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுச் சட்டத்தை, டெயிட் அங்கம் வகித்த அந்தப் பாராளுமன்றமே 2005 இல் நிறைவேற்றியது. இலங்கையில் யுத்தம் முடிந்தது 2009 இல். இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம் வந்தது 2018 இல்.

டெயிட்டின் சக வீராங்கனை கப்ரியேலா பெரெஸ் டெல் சொலாரும் 2006 இல் வேறொரு கட்சியில் தெரிவானார். விளையாட்டுப் புகழ் எந்தக் கட்சிக்கும் வாக்குத் தேடித்தரும். இழந்தவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதை வாக்களித்தவர்களே கேட்க வேண்டும்.