பாவு பட்டு, ஊடை பருத்தி

என் தையல் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி கிடக்கும். வெட்டுத்துணி எது வந்தாலும், நீளவாக்கில் ஒரு பாவு இழையும் குறுக்குவாக்கில் ஓர் ஊடை இழையும் உருவித் தனித்தனியாகக் கொளுத்திப் பார்ப்பேன். பட்டு என்றால் முடி கருகிய வாடை வரும். சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம்போல எரியும். பாலியஸ்டர் உருகி, கெட்டி மணியாக உறையும். ஒரே துணியில் பாவு முடி வாடையும் ஊடை காகித வாடையும் அடித்தால் அது சில்க் காட்டன். ஓசூரில் இருபத்தாறு வருடமாகத் தைக்கிறேன். இந்தச் சோதனையை ஒருநாளும் விட்டதில்லை.

அந்த முடி வாடை வந்தாலே தளிப் பக்கத்து எங்கள் பழைய வீடு கண்முன் வந்துவிடும். பாதி வீடு பட்டுப்புழுவுக்கு, பாதி வீடு எங்களுக்கு. புழு பழுத்ததும் அதன் உடம்பு மங்கிய கண்ணாடிபோல ஆகும். அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூங்கில் சந்திரிகைத் தட்டில் விடுவார். இரண்டு மூன்று நாளில் கூடு முடிந்துவிடும். அதைக் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே கூட்டுப்புழு லொடலொடவென்று உருண்டால்தான் அம்மா முகம் மலரும். அந்தக் கூடு மூட்டையாகக் கட்டப்பட்டு ராம்நகரச் சந்தைக்குப் போகும். அம்மா தன் கூட்டிலிருந்து வந்த துணியை ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்கள் சீமையின் பட்டு வரலாறும் அப்படித்தான், கூட்டோடு நின்றுவிடுகிறது. வங்காளத்துக்கு ஆளனுப்பிப் புழு வரவழைத்து, மைசூர் சீமையில் பட்டு வளர்ப்பை ஊன்றியவர் திப்பு சுல்தான். ஓசூர் அப்போது அவர் ஆட்சியில் இருந்தது. 1792 உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. மேட்டுநிலமான ஓசூர்ப் பக்கம் 1799இல் அவர் விழுந்த பிறகே போனது. பட்டோ அந்த எல்லைக்கோட்டை மதிக்கவில்லை. 1890களில் ஜாம்ஷெட்ஜி டாடா பெங்களூரில் ஜப்பானிய முறையில் பட்டுப் பண்ணை வைத்தார். 1912இல் மைசூர் மகாராஜா நெசவாலை தொடங்கினார். இன்று மத்திய பட்டு வாரியம் புழு, மல்பெரி ரகங்களின் மூல வித்துகளைக் காத்துவரும் மையம் எங்கள் ஓசூரில்தான் இருக்கிறது. ஆனாலும் தறிச் சத்தம் கேட்க ஆனேக்கல் போகவேண்டும், இல்லையென்றால் காஞ்சிபுரம். கூடாகப் போனது புடவையாகத் திரும்பி வருகிறது. அந்தப் புடவையில் மிஞ்சிய துண்டு என் மேசைக்கு வருகிறது.

கலப்புத் துணியை மட்டமென்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மஷ்ரு என்றொரு துணி, குஜராத்தில் இன்றும் நெய்கிறார்கள். வெளியே பட்டு மினுங்கும், உடம்பில் படும் பக்கம் பருத்தி. தூய பட்டு மேனியில் படக்கூடாதென்ற விதி இருந்த முஸ்லிம் ஆண்களுக்காக உருவானது. அனுமதிக்கப்பட்டது என்பதே அந்தப் பெயருக்குப் பொருள். நம் கோவை கோரா காட்டனும் பட்டும் பருத்தியும் சேர்ந்ததுதான். காசு மிச்சம் பிடிக்க மட்டும் பிறந்த துணி அல்ல இது.

ஆனால் இரண்டு நூலுக்கும் இரண்டு குணம். பருத்தி தண்ணீரில் சுருங்கும், பட்டு சூட்டில் வாடும். தொடக்க காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு மெத்தை விரிப்பு கேட்டார்கள். நனைக்காத பருத்தித் துணிமேல் சில்க் காட்டன் மாங்காய்களை வைத்து பேட்ச் ஒர்க் செய்தேன். முதல் சலவையிலேயே அடித்துணி சுருங்கி, ஒவ்வொரு மாங்காயும் உப்பி நின்றது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் வலித்தது. அன்றிலிருந்து இரண்டு துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரிக்கோலைத் தொடுவேன். பிசிறு அடங்க, அடியில் மெல்லிய பேஸ்டிங்கை மிதமான சூட்டில் ஒட்டுவேன். 14ஆம் நம்பர் ஊசி பட்டில் ஓட்டை போடும் என்பதால் 11தான் போடுவேன். வளைவு வந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, மெஷின் காலைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் ஓரத்து ஜிக்ஜாக் தையல் பல் பல்லாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் இந்தப் பேட்ச் ஒர்க்குக்குப் பேர்போனது தஞ்சாவூர்ப் பக்கம். தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பைகளில் யாளியும் தாமரையும் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தவைதான். இன்னொரு பாடம் எதிர்வீட்டிலிருந்து வந்தது. வட கர்நாடகத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பம். “அக்கா, இது எங்க ஊர் கௌதி” என்று அந்தப் பெண் ஒரு போர்வையை விரித்தாள். பழைய புடவைகளை அடுக்கி, ஓரத்திலிருந்து நடுவரைக்கும் கையாலேயே ஓடவிட்ட தையல். அவள் அடுக்கித் தைக்கும் முறையைத்தான் இப்போது நான் மெஷினில் செய்கிறேன்.

தெருவில் பழைய பட்டுப்புடவை வாங்க வருபவருக்கு ஜரிகைதான் வேண்டும். வெள்ளி எடுக்க ஜரிகையோடு பட்டையும் சேர்த்து எரித்துவிடுவார்கள். கிழிந்த புடவை உங்கள் பெட்டியில் இருந்தால் ஜரிகையை மட்டும் வெட்டிக் கொடுங்கள். உடலை உங்கள் தெருத் தையல்காரரிடம் கொண்டுபோங்கள்.