விளக்குப் பொறியும் அந்துப்பூச்சிகளும்

இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை ஒளியால் ஈர்த்துப் பிடிக்கும் கருவி விளக்குப் பொறி எனப்படும். விளக்கில் விட்டில் விழுவதைத் தமிழர் நெடுங்காலமாகப் பார்த்து வந்துள்ளனர். அறிவியல் இக்காட்சியை இரு நோக்கங்களுக்குப் பயன்படுத்தியது: ஒன்று பூச்சியை அறிதல், மற்றொன்று அழித்தல்.

நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், பின்னர் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணியாற்றி, இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் வெளியிட்டார். அவை பூச்சிகளுக்குப் பெயரும் அடையாளமும் தந்தன. அடுத்து வந்த வேளாண் பூச்சியியலாளர்கள் பயிருக்கு நேரும் சேதத்தைக் கருதினர். பெயின்பிரிக் பிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914-லும், டி. வி. இராமகிருஷ்ண ஐயரின் கையேடு 1940-லும் வெளிவந்தன.

திருச்சிராப்பள்ளியின் காவிரிப் பாசன வயல்களில் நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளுள் முக்கியமானது மஞ்சள் தண்டுத் துளைப்பான். இதன் புழு இளம்பயிரின் தண்டைத் துளைத்தால் நடுக்குருத்து காயும். கதிர் வரும்போது துளைத்தால் கதிர் வெளுத்துப் பதராகும். பொறியில் விழும் தாய் அந்துப்பூச்சிகளை எண்ணினால் தாக்குதல் வருவதை முன்கூட்டியே அறியலாம். தேவையற்ற மருந்துச் செலவும் குறையும். ஆயினும் விளக்கு நல்லது கெட்டது பார்ப்பதில்லை. நன்மை செய்யும் பூச்சிகளும் விழுவதால், முன்னிரவில் சில மணி நேரம் மட்டும் விளக்கேற்றுவது நல்லது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, திருவரங்கத்தை அடுத்த மேலூரில், மேலணைக் காப்புக்காட்டில் 2015-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. பகலில் அங்கு வருவோர் காண்பவை வண்ணத்துப்பூச்சிகளையே. இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஆயிரத்துச் சொச்சம்; அந்துப்பூச்சி இனங்களோ 10,000-க்கும் மேல். அவற்றுள் பயிரை அழிப்பவை மிகச் சிலவே. மற்றவை இரவில் மலரும் பூக்களில் மகரந்தம் சேர்க்கின்றன. அவற்றின் புழுக்கள் பறவைக் குஞ்சுகளுக்கு இரையாகின்றன.

இவற்றை அறியக் கொல்ல வேண்டியதில்லை. காட்டோரத்தில் வெள்ளைத் துணி கட்டி, அருகே விளக்கேற்றி, துணியில் அமரும் பூச்சிகளைப் படமெடுத்துக் கணக்கிடலாம். பூச்சிகள் ஒளியை விரும்பி வருவதில்லை. முதுகை ஒளிப்பக்கம் திருப்பும் இயல்பால் வழிதவறிச் சுற்றுகின்றன என்று 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. எனவே கணக்கெடுப்பு முடிந்ததும் விளக்கை அணைக்க வேண்டும். விடியும்வரை துணியிலேயே தங்கும் பூச்சிகள் காலையில் பறவைகளுக்கு எளிதில் இரையாகிவிடும்.