திருப்பதியும் நேட்டாலும்: ஒரே மிஷனின் இரு களங்கள்

வட ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் குருவாக இருந்த லுட்விக் ஹார்ம்ஸ், தம் சபையாரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பக் கப்பல் ஒன்றையே கட்டுவித்தார். 1853இல் புறப்பட்ட அதற்கு, அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் எத்தியோப்பிய அரசியின் பெயரால் ‘கந்தாகே’ என்று பெயர். அதில் ஏறியோர் குருமார் மட்டுமல்லர். உழவரும் கைவினைஞரும் இருந்தனர். உழுதும் உழைத்தும் தம்மைத் தாமே காத்துக்கொண்டு சமயப்பணி செய்வதே திட்டம். எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களிடம் செல்ல வழி கிடைக்காமல், 1854இல் அவர்கள் நேட்டாலில் குடியேறினர். புதிய ஊருக்கும் ஹெர்மன்ஸ்பர்க் என்றே பெயரிட்டனர்.

அதே மிஷன் 1865இல் தெலுங்கு நாட்டுக்கும் வந்தது. முன்னர் லைப்சிக் மிஷனின் சார்பில் தமிழகத்தில் பணியாற்றிய ஆகஸ்ட் மிலியஸ், சூலூர்ப்பேட்டையில் பணியைத் தொடங்கினார். பின்னர் அது நாயுடுபேட்டை, காளகஸ்தி, திருப்பதி எனப் பரவியது. வைணவத் தலமாக மட்டுமே அறியப்படும் திருப்பதியில் இன்று தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் இருப்பதற்கு இதுவே தொடக்கம். முதல் உலகப் போர் ஜெர்மானியரை வெளியேற்றியபின் அமெரிக்க லுத்தரன்கள் இப்பணியை ஏற்றனர்.

இவ்வளவும் மிஷன் வரலாறுகளில் உண்டு. அவற்றில் அரிதாகவே இடம்பெறுவது எதிர்த்திசைப் பயணம். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 342 ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிவந்த ‘ட்ரூரோ’ டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டால் சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே. அவர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று வடாற்காடு. அன்று சித்தூரே அதன் தலைநகர், திருப்பதியும் அதற்குள் அடங்கியது. ஜெர்மானிய உழவர் விரும்பிச் சென்ற நிலத்துக்கு, இம்மாவட்டத்து உழவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு கரும்பு வெட்டச் சென்றனர். முன்னவர் பலரைப் பற்றி வாழ்க்கைக் குறிப்பு எழுதப்பட்டது. பின்னவருக்குக் கிடைத்தது ஓர் எண்ணும், கப்பல் பதிவேட்டில் ஒரு வரியும்.

ஆக, ஹெர்மன்ஸ்பர்க் மிஷனிடம் திருப்பதியில் தெலுங்கு கற்ற குருமார் இருந்தனர். நேட்டாலில் நிலையங்கள் இருந்தன. அந்த நேட்டாலிலேயே தெலுங்கு பேசுவோரும் வந்து குவிந்தனர். ஆயினும் ஆப்பிரிக்காவில் அதன் கவனம் சூலு, ட்ஸ்வானா மக்கள்மீதே நிலைத்தது. இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு நிலம், ஒரு மொழி, ஓர் இனம் எனக் களங்களை வகுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனையில், இடம்பெயர்ந்த மொழிக்கு இடமில்லை. விதிவிலக்குகள் உண்டு: இலங்கையில் தமிழ் பயின்ற மெதடிஸ்ட் குரு ரால்ஃப் ஸ்டாட் 1862இலேயே நேட்டால் இந்தியரிடையே பணியாற்ற வந்துவிட்டார்.

தெலுங்கருக்கான விடை தெலுங்கரிடமிருந்தே வந்தது. 1903இல் நெல்லூரிலிருந்து ஜான் ரங்கையா நேட்டால் சென்றார். அவரை அனுப்பியது ஐரோப்பியச் சங்கமன்று. தெலுங்கு பாப்டிஸ்டுகளே நடத்திய உள்நாட்டு மிஷன் சங்கம். கடல்கடந்த பாப்டிஸ்டுகள் ஏற்கெனவே அங்கு இருந்தனர். அவர்களைக் கொண்டு, அதே ஆண்டு டிசம்பரில் கியர்ஸ்னி தேயிலைத் தோட்டப் பகுதியில் முதல் தெலுங்கு பாப்டிஸ்ட் சபை உருவாயிற்று. 1915இல் இறக்கும்வரை ரங்கையா அந்நாட்டிலேயே பணியாற்றினார். இந்தியத் திருச்சபைகள் வெளிநாட்டுக்கு ஆளனுப்பிய வரலாற்றில் இது மிக முந்தைய நிகழ்வுகளுள் ஒன்று. ஆயினும் பாடநூல்களில், அதே 1903இல் வே. ச. அசரியா முதலியோர் தொடங்கிய நெல்லை இந்திய மிஷனெரி சங்கத்துக்குக் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைப்பதில்லை.

ஆவணம் தேடுவோர்க்கு ஒரு செய்தி. நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை அனுப்புவது நின்றது 1911இல். சித்தூர் தனி மாவட்டமானதும் அதே 1911இல். எனவே தென்னாப்பிரிக்காவிலிருந்து மூதாதையரைத் தேடிவரும் குடும்பங்கள் கப்பல் பதிவேடுகளில் சித்தூர் மாவட்டம் என்று தேடிப் பயனில்லை. வடாற்காட்டின் கீழ், ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்களில்தான் தேட வேண்டும்.